இரும்பு எங்கே போகிறது?

ரத்தசோகை குறித்து முன்பு இப்பகுதியில் எழுதியபோது, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே பலர் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 58. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ஹீமோகுளோபின் 9.2, ஃபெரிட்டின் 8 என்று வந்தது. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டதில் ஹீமோகுளோபின் 12.6 ஆக ஏறிவிட்டது. மூச்சு வாங்குவதும் நின்றுவிட்டது. வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லை, மலத்தில் ரத்தமும் போகவில்லை. ஆனாலும் என் மருத்துவர் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தே ஆக வேண்டும் என்கிறார். குணமாகிவிட்ட நோய்க்கு எதற்காக இந்தப் பரிசோதனை?

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரி. மாத்திரை சரிசெய்தது ரத்தசோகையை. அது ஏன் வந்தது என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. (ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, ஆகவே 12.6 என்பதும் இன்னும் முழுமையான குணம் ஆகாது.)

இதைப் புரிந்துகொள்ள, உடல் இரும்பை எப்படிக் கையாளுகிறது என்று பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தமே 3 முதல் 4 கிராம்தான். அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக ஓடிக்கொண்டிருக்கிறது; இன்னொரு பகுதி கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாக இருக்கிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழியும்போது அதிலிருந்த இரும்பை உடல் வெளியே விடுவதில்லை. எடுத்து அடுத்து உருவாகும் சிவப்பணுவுக்குக் கொடுத்துவிடுகிறது. மிகுதியான இரும்பைக் கழித்துவிடுவதற்கென்று உடலில் ஒரு வழிகூடக் கிடையாது. தோலும் குடலின் உட்சுவரும் உதிர்வதில் நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அளவில் இழக்கிறோம். ஏறத்தாழ அதே அளவை உணவிலிருந்து ஈர்த்துக்கொள்கிறோம். இவ்வளவு கறாராக வரவு செலவு பார்க்கும் உடலில், மாதவிடாய், பிரசவம் போன்ற செலவுகளே இல்லாத ஓர் ஆணுக்குச் சேமிப்பு காலியாகிறது என்றால், எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது குடலுக்கு இரும்பை ஈர்த்துக்கொள்ளும் திறன் குறைந்திருக்க வேண்டும். ஃபெரிட்டின் என்பது அந்தச் சேமிப்பின் இருப்பைக் காட்டும் அளவு. அது 15-க்குக் கீழே போனால் இருப்பு ஏதும் இல்லை என்று பொருள். உங்களுக்கு 8.

கசிவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் ரத்தம் குடலுக்குள் கசிந்தால் 2.5 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. உடல் உணவிலிருந்து எடுப்பதைச் சற்றுக் கூட்டிக்கொண்டு சில நாள் ஈடுகொடுக்கும்; பிறகு சேமிப்பில் கைவைக்கும்; சேமிப்பும் தீர்ந்த பின்னரே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். ஆகவே, ரத்தசோகை வெளிப்படும் நேரத்தில் கசிவு தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கக்கூடும். இந்த 5 மில்லிலிட்டர் மலத்தோடு முழுவதுமாகக் கலந்துவிட்டால் எவ்வளவு கவனமாகப் பார்ப்பவரின் கண்ணுக்கும் தெரியாது.

வயிற்றில் தொந்தரவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆறுதல் கொள்ள முடியாததற்குக் காரணம் பெருங்குடலின் அமைப்பு. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் அடிவயிற்றின் வலப்புறம் தொடங்கி, மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறம் இறங்கி மலக்குடலில் முடிகிறது. வலப்பகுதி அகலமானது, சிறுகுடலிலிருந்து அங்கு வந்து சேரும் கழிவு நீர்த்த நிலையில் இருக்கும். எனவே அங்கே ஒரு கட்டி கணிசமாக வளர்ந்த பிறகும் அடைப்போ வலியோ ஏற்படாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டியின் மேற்பரப்பு எளிதில் புண்ணாகிச் சிறிது சிறிதாகக் கசியும். இடப்பகுதி குறுகலானது, கழிவும் அங்கே கெட்டிப்பட்டிருக்கும். அதனால் அங்கு வரும் கட்டி மலச்சிக்கல், மாறி மாறி வரும் வயிற்றுப்போக்கு, கண்ணுக்குத் தெரியும் ரத்தம் என்று முன்கூட்டியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வலப்பகுதிக் கட்டிக்குப் பல வேளைகளில் ரத்தசோகையைத் தவிர வேறு அறிகுறியே இருப்பதில்லை.

இதைப் படித்தவுடன் உங்களுக்குப் புற்றுநோய் என்று முடிவுகட்டிக்கொள்ள வேண்டாம். உங்களைப் போன்ற நிலையில் பரிசோதனைக்கு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு காரணம் கண்டுபிடிக்கப்படுகிறது. உணவுப்பாதையில் புற்றுநோய் இருப்பது தெரியவருவது பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவானவர்களுக்கே. இரைப்பைப் புண், மூட்டுவலிக்காக நாள்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள், ஆஸ்பிரின், கொக்கிப்புழு, கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், குடல்சுவரில் வயதாவதால் புடைக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் என்று மற்றக் காரணங்களின் வரிசை நீளமானது. ஆனால் பத்தில் ஒன்று என்பது கண்டுகொள்ளாமல் விடக்கூடிய வாய்ப்பும் அன்று. பெருங்குடல் புற்றுநோய் குடல்சுவரைத் தாண்டிப் பரவுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் அந்த எண்ணிக்கை பத்தில் இருவருக்கும் குறைவு.

நடைமுறையில், இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியையும் கொலோனோஸ்கோப்பியையும் ஒரே நாளில் செய்துவிடும் வழக்கம் உண்டு. இயலுமா என்று கேளுங்கள். கொலோனோஸ்கோப்பியில் நோயாளிகள் உண்மையில் குறைபட்டுக்கொள்வது முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கும் பேதி மருந்தைப் பற்றித்தான். பரிசோதனை மயக்க மருந்தின் துணையோடு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குடலில் துளை விழும் ஆபத்து உண்டு, ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே அது நேர்கிறது. ஒரு முக்கியமான குறிப்பு: இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருப்பாக்கிக் குடல்சுவரில் பிசுபிசுப்பாக ஒட்டச்செய்யும் என்பதால், பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். பரிசோதனையின்போது பாலிப் எனப்படும் சதைமொட்டு தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுவார்கள். இத்தகைய மொட்டுகளுள் ஒரு பங்கே, பத்தாண்டு அளவில் மெல்ல வளர்ந்து, புற்றுநோயாக மாறுகின்றன.

எதுவும் அகப்படவில்லை என்றால், ஹீமோகுளோபின் இயல்பு நிலைக்கு வந்த பிறகும் மேலும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர்ந்து சேமிப்பை நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மறுபடி இறங்கினால், விழுங்கக்கூடிய மாத்திரை வடிவிலான கேமராவைக் கொண்டு சிறுகுடலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 44. மாதவிடாயின்போது ரத்தப்போக்கு அதிகம். பல ஆண்டுகளாகவே ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியதில்லை. அவ்வப்போது டானிக் குடிப்பேன், நிறுத்திவிடுவேன். உங்கள் வரியைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. நானும் குடலைப் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: தூக்கத்தைக் கெடுத்ததற்கு வருந்துகிறேன். உங்கள் வயதில், மாதவிடாய் தொடரும் பெண்ணுக்கு, இரும்புச்சத்துக் குறைவின் முதன்மையான காரணம் அந்த ரத்தப்போக்குதான். ஒரு மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம் போவது இயல்பு. 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதிகப்படியானது. ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவர் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் மருத்துவர். கர்ப்பப்பையில் நார்க்கட்டி போன்ற காரணம் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பார். பல ஆண்டுகளாக 10-ஐத் தாண்டாத ஹீமோகுளோபினை இப்படித்தான் என் உடம்பு என்று ஏற்றுக்கொண்டு வாழ வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் ஃபெரிட்டின் பற்றிய பேச்சே இல்லை. ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதன்று. தலசீமியா என்னும் பரம்பரைக் குறைபாட்டின் லேசான வடிவத்தைச் சுமப்பவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறுத்து, ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தே இருக்கும். அவர்களுக்கு இரும்பை ஊட்டிப் பயனில்லை. எனவே ஃபெரிட்டினைப் பார்த்துவிடுங்கள். உடலில் அழற்சியோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் கூடவே செய்துகொள்வது நல்லது.

குடலைப் பார்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு எப்போது வரும் என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால், மலம் கழிக்கும் வழக்கத்தில் சில வாரங்களாக மாற்றம் தெரிந்தால், மலத்தில் ரத்தம் கண்டால், காரணமின்றி உடல் மெலிந்தால், அல்லது பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்கேனும் குடல் புற்றுநோய் இருந்தால். ஒழுங்காகச் சாப்பிட்டால் மூன்று, நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். விட்டுவிட்டுக் குடித்த டானிக்கை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்களின் ரத்தசோகைக்கு மாதவிடாயையே காரணமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், மாதவிடாய் நின்று இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் ஹீமோகுளோபின் 10-லேயே நிற்பதை வீட்டிலும் சரி, மருத்துவ அறையிலும் சரி, யாரும் கவனிப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவு ஏற்பட்டால் அவரும் முதல் கேள்வியை எழுப்பிய 58 வயதுக்காரரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கேள்வி: வயது 51. நெடுநாளாக மூல நோய் உண்டு. மலம் கழிக்கும்போது சில சமயம் சிவப்பாக ரத்தம் சொட்டும். இப்போது ஹீமோகுளோபின் 10.1. மூலத்தால்தானே ரத்தம் குறைந்திருக்கிறது?

பதில்: இருக்கலாம், ஆனால் அப்படி நம்பிக்கொண்டு நின்றுவிடக் கூடாது. மூலத்தில் ரத்தம் போவது சாதாரணம், அதனால் மட்டுமே ரத்தசோகை வருவது அரிது. நாள்தோறும் பல மாதங்களாகக் கணிசமாகப் போனால்தான் அந்த நிலை வரும். சில சமயம் சொட்டுவது என்று நீங்கள் சொல்லும் அளவு இதற்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. மூலம் இருப்பவருக்குக் குடலில் கட்டி வராது என்று எந்த ஏற்பாடும் இல்லை. இரண்டும் ஒருவரிடமே இருந்து, கண்ணுக்குத் தெரிந்த மூலத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு மேலே இருந்த கட்டியை விட்டுவிட்ட கதைகளை இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். ஆசனவாயை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன், இந்த வயதில் இந்த ஹீமோகுளோபினோடு, பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: இரும்புச்சத்துக் குறைவுக்காக மலப் பரிசோதனை செய்தார்கள், மறைந்த ரத்தம் இல்லை என்று முடிவு வந்தது. இனிக் கொலோனோஸ்கோப்பி தேவையில்லை அல்லவா? மாத்திரையால் மலம் கருப்பாகப் போனது, அதனால் முடிவு மாறியிருக்குமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது பரவலாகச் செய்யப்படும் மலப் பரிசோதனை மனித ஹீமோகுளோபினை மட்டுமே அடையாளம் காணும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) அடிப்படையாகக் கொண்டது. எனவே இரும்பு மாத்திரையின் கருப்போ, சாப்பிட்ட இறைச்சியோ அதைக் குழப்புவதில்லை. பழைய வேதிப்பொருள் முறைக்குத்தான் உணவுக் கட்டுப்பாடு தேவைப்பட்டது.

முதல் கேள்விக்கான பதில் அவ்வளவு எளிதன்று. மறைந்த ரத்தம் இல்லை என்ற முடிவு பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பை வெகுவாகக் குறைக்கிறது. கொலோனோஸ்கோப்பிக்கு நீண்ட வரிசையில் காத்திருக்க வேண்டிய இடங்களில் யாரை முதலில் அழைப்பது என்று தீர்மானிக்க அது மிகவும் உதவுகிறது. ஆனால் கட்டிகள் தொடர்ச்சியாகக் கசிவதில்லை. நீங்கள் மாதிரி எடுத்த அன்று கசியாமல் இருந்திருக்கலாம். மேலும் இரைப்பையில் கசியும் ரத்தம் கீழே வருவதற்குள் செரிமானமாகிவிடுவதால் இந்தப் பரிசோதனையில் சிக்காது. ஆகவே ஃபெரிட்டின் உண்மையிலேயே குறைவாக இருந்து, நீங்கள் ஆணாகவோ மாதவிடாய் நின்ற பெண்ணாகவோ இருந்தால், இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு கோப்பை மூடிவிடாதீர்கள். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது.

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் சாப்பிடுகிறார். ஹீமோகுளோபின் 8-க்கு வந்துவிட்டது. மாத்திரையால்தான் கசிகிறது, அதை நிறுத்தினால் போதும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரைகளை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் மாரடைப்பு ஏற்பட்டுவிடும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, இருக்கும் புண்ணையோ கட்டியையோ கூடுதலாகக் கசியவைக்கிறது. அந்த வகையில் மறைந்திருந்ததை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதும் உண்டு. எனவே மாத்திரைதான் காரணம் என்று சொல்லி விசாரணையை முடித்துக்கொள்ள முடியாது. (ஆஸ்பிரின் இரைப்பையில் தானே புண்ணை உண்டாக்கவும் கூடும், அதனால் அம்மாவுக்கு இரைப்பை எண்டோஸ்கோப்பி முக்கியமானது.) அதே சமயம், 79 வயதில் எந்தப் பரிசோதனையைச் செய்வதற்கு முன்பும், ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு என்ன செய்வோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நடமாட்டமும் தெளிவும் உள்ளவர், அறுவை சிகிச்சையைத் தாங்கக்கூடியவர் என்றால் முழுமையாகப் பரிசோதிப்பது நியாயம். பேதி மருந்தையும் மயக்கத்தையும் தாங்கமாட்டார் என்றால் சி.டி. ஸ்கேன் மூலம் குடலைப் பார்க்கும் முறை இருக்கிறது. சிறிய மொட்டுகள் அதில் தப்பலாம், கட்டி என்று சொல்லத்தக்க எதுவும் பெரும்பாலும் தப்பாது. எந்தப் பரிசோதனையும் வேண்டாம், இரும்பை மட்டும் ஊசி வழியாக ஏற்றிக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னால் அதுவும் மதிக்கத்தக்க முடிவே. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர், உறவினர்கள் அல்லர்.

கேள்வி: என் ஹீமோகுளோபின் 14. எனக்குக் குடல் புற்றுநோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பெருங்குடல் புற்றுநோய் உள்ள பலருக்கு, குறிப்பாக ஆரம்ப நிலையில், ஹீமோகுளோபின் இயல்பாகவே இருக்கும். ரத்தசோகை இருந்தால் தேட வேண்டும் என்பது உண்மை. இல்லாவிட்டால் நோயில்லை என்று அதைத் திருப்பிப் படிக்க முடியாது. அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கும் 45 அல்லது 50 வயதிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனை செய்யுமாறு பல நாடுகளின் நெறிமுறைகள் சொல்வது இதனால்தான்.

கேள்வி: என் அண்ணனுக்கு 47 வயதில் பெருங்குடலின் வலப்புறத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அறுவை சிகிச்சை நடந்தது. ஓராண்டாகச் சோர்வு, ரத்தசோகை என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேறு அறிகுறியே இல்லை. எனக்கு 39 வயது, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருக்கிறது. நான் எப்போது பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

பதில்: அண்ணன் நலம் பெற வாழ்த்துகள். 50 வயதுக்கு முன்பே இந்நோய் வந்திருப்பதால், லின்ச் நோய்க்குறி எனப்படும் பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்று அவருடைய கட்டியின் திசுவில் சோதித்தார்களா என்பதை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேளுங்கள். திசு ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கும், இப்போதுகூடச் செய்யலாம். அந்தக் குறைபாடு அவரிடம் உறுதியானால் உங்களுக்கும் அது இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இருந்தால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி தேவைப்படும். உங்கள் பெற்றோருக்கும் மற்ற உடன்பிறந்தோருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அந்த முடிவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உடன்பிறந்தவருக்கு நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பு, இவற்றுள் எது முந்தியதோ அப்போது முதல் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறிமுறை. அண்ணனுக்கு 47 என்றால் உங்களுக்குரிய வயது 37. அது கடந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.